ஆணிக்கு விட்ட இடம்

கீபோர்டில் எஃப் செவனை அழுத்தினால் வட்டம் வர வேண்டும். வரவில்லை. வராது என்று காலையிலேயே தெரிந்துபோயிற்று, ஆனாலும் சண்முகவடிவின் விரல் கேட்பதாயில்லை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதுபாட்டுக்குப் போய் அந்தப் பட்டனிலேயே விழுந்தது. எத்தனை வருஷப் பழக்கம். பிரம்மநாயகம் அண்ணாச்சியின் பிளெக்ஸ் கடையில் கல்யாணமா, காதுகுத்தா, கண்ணீர் அஞ்சலியா, எதுவானாலும் முதலில் எஃப் செவன், ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு மாமா முகம், பக்கத்திலேயே இன்னொரு வட்டம், இன்னொரு மாமா. தென்காசி வட்டாரத்து மாமாக்கள் அத்தனை பேரையும் அவள் இப்படி அடைத்திருக்கிறாள், மீசையை வெட்டாமல், வழுக்கையில் விழுந்த வெளிச்சத்தை மட்டும் நைசாகத் துடைத்து. இப்போது சொந்த வீட்டு மேஜையில், சொந்த லேப்டாப்பில், ஒரே ஒரு மாமாவுக்குக்கூட வட்டம் போட வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே சீசன் சாரல், விழுகிறதா நின்றுவிட்டதா என்று அதற்கே தெரியாத சாரல். சாப்பிட்ட தட்டு பக்கத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் செங்கோட்டை பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார், போகிறபோது "பேசாம அண்ணாச்சி கடைக்கே போயேன் வடிவு, எதுக்கு இந்தக் கஷ்டம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார், செருப்பு மாட்டுகிறபோது சொல்கிற பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாது, அதற்குள் ஆள் படியிறங்கிவிடுவார். அண்ணாச்சியும் காலையில் போன் பண்ணியாயிற்று. "விளக்கு வைக்கதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லு தாயி. நீ வரலேன்னா திருநெல்வேலில இருந்து வேற ஆளக் கூட்டியாந்துருவேன்." விளக்கு வைப்பதற்குள். அதற்குள் வட்டம் வந்தால் அவள் தனி ஆள், வராவிட்டால் மறுபடியும் அதே ஸ்டூல், அதே மாமாக்கள்.

சித்திரையில் கடையை விட்டு வந்த அன்று அண்ணாச்சி கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்படவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார், வடைகூட வாங்கிக் கொடுத்தார், அவள் வடையைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது நிதானமாகச் சொன்னார், "நல்லா இரு தாயி. ஆனா ஒண்ணு, அந்த வெரலு எம் மெஷின்ல படிச்ச வெரலு. வெளிய போனா ஒரு கோடு இழுக்காது." அந்த வடை இன்னும் தொண்டையில் நிற்கிறது. விரல்தான் இப்போது எஃப் செவனில் நிற்கிறது, அண்ணாச்சி சொன்னதை நிரூபிக்க வந்த சாட்சி மாதிரி. அப்படி என்ன பெரிய மெஷின், அதில் இருந்த சாஃப்ட்வேரே திருட்டு காப்பி, யாரோ யாருக்கோ கொடுத்து அவர் இவருக்குக் கொடுத்தது, அடிக்கடி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும், நெட்டைப் பிடுங்கிவிட்டுத் தேதியைப் பின்னால் தள்ளினால்தான் எழுந்திருக்கும். அந்த வித்தை அவள் ஒருத்திக்குத்தான் கைவரும். அதையே லேப்டாப்பிலும் ஏற்றியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை, வட்டம் எப்போதோ வந்து மாமாவும் உட்கார்ந்திருப்பார், பென் டிரைவில் போட்டுத் தர தெருவுக்கு ஒரு ஆள் இருக்கிறான். ஆனால் ஷகிலா வேண்டாமென்றுவிட்டாள். ஷகிலா பானு, கடையநல்லூர்க்காரி, குற்றாலத்துச் சீசன் பழங்களை நெட்டில் ஆர்டர் பிடித்துச் சென்னைக்கு அனுப்புகிறவள், வடிவின் முதல் வாடிக்கை, இன்றுவரை ஒரே வாடிக்கை. வேலையைச் சொல்லும்போதே கறாராகச் சொன்னாள், "அக்கா, திருட்டு சாஃப்ட்வேர்ல மட்டும் போட வேண்டாம். பழம் ஹலாலா வித்துட்டு, படத்த ஹராமாப் போட்டா அந்த யாவாரம் எப்படிக்கா வெளங்கும்?" அவளுக்கு அது அவ்வளவு சாதாரணம். வடிவுக்குத்தான் சுருக்கென்றது, இத்தனை வருஷம் திருட்டுப் பொருளில்தான் வேலை செய்தோம் என்று ஒருதரம்கூட மனசில் பட்டதில்லையே, பக்கத்துக் கடைகளிலும் அதுதானே, ஊரே அதுதானே, ஊரே என்றால் சரியாகிவிடுமா. சரி, திருட்டு வேண்டாம், விலை கொடுத்து வாங்கவும் வழியில்லை, மிச்சம் ஒன்றுதான், சும்மா கிடைப்பது. சும்மா கிடைப்பதில் எது நல்லது என்று கேட்டால் நெட்டில் ஆளுக்கொரு பேர் சொல்கிறான், அதில் பாதிப் பேர் வேறு எதையோ விற்க வந்தவர்கள்.

முதலில் பார்த்தது நெட்டிலேயே திறந்து அங்கேயே வேலை செய்கிற ஒன்று. அதில் எல்லாமே ஆயத்தமாக இருந்தது, பூ, கொடி, காப்பிக் கோப்பை, சிரிக்கிற வெள்ளைக்காரப் பெண், எடுத்து வைத்துப் பேரை மாற்றினால் போதும். நல்லதாக இருக்கிறதே என்று எதைத் தொட்டாலும் அதன் தலையில் கிரீடம், கிரீடம் என்றால் காசு. அதைக்கூடச் சகித்துக்கொண்டிருப்பாள், கைக்குத்தான் அங்கே வேலையில்லாமல் போயிற்று, ஏதோ பெரிய வீட்டுச் சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. அடுத்தது ஜிம்ப். அது போட்டோக்காரர்களின் சாமான், அதைக் குற்றம் சொல்ல மாட்டாள், ஷகிலா அனுப்பிய மங்குஸ்தான் போட்டோவின் பின்னால் தெரிந்த பிளாஸ்டிக் வாளியையும் யாருடையதோ ஒரு காலையும் அதில்தான் அழகாக அழித்தெடுத்தாள். ஆனால் அதில் வரைந்த இலையைப் பெரிசாக்கினால் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது, வடிவுக்கு வேண்டியது கோடு, எவ்வளவு இழுத்தாலும் உடையாத கோடு, ஷகிலா கேட்ட பட்டனளவு லோகோவும் அதே கோட்டில், அவளுடைய நெட் கடைப்பக்கத்தின் தலைப்படமும் அதே கோட்டில். மூன்றாவதாக இறக்கியதுதான் இந்த இங்க்ஸ்கேப். கோடு இழுக்கிற சாஃப்ட்வேர், இறக்கும்போது காசு கேட்கவில்லை, கார்டு நம்பர் கேட்கவில்லை, பேர்கூடக் கேட்கவில்லை. அதுவே பயத்தைக் கிளப்பியது. பேர்கூடக் கேட்காமல் எவன் கொடுப்பான், உள்ளே என்ன வைத்திருக்கிறானோ, லேப்டாப்பைத் தின்றுவிடுமோ. படித்துப் பார்த்தால் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து செய்தது, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பழுது பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள், கோடையில் ரோட்டோரம் தண்ணீர்ப் பந்தல் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி, குடிக்கிறவன் யாரென்று பானை பார்ப்பதில்லை. இப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் இறங்கியது. ஆனால் விரல் இறங்கவில்லை. மறுபடியும் எஃப் செவன்.

ஓரமாக ஒரு வெள்ளைக் கட்டம் போட்டு வைத்திருந்தாள், சாஃப்ட்வேரின் ஓரத்தில் வரிசையாக நிற்கிற குட்டிப் படங்களில் தேடித்தேடி அந்தக் கட்டம் ஒன்றுதான் வசப்பட்டிருந்தது. நடுவில் மங்குஸ்தான் போட்டோ. பழத்தின் மேலேயே வட்டம் போட்டுப் பார்க்கலாமென்று எஃப் செவனை அழுத்தி, அது வட்டமில்லை என்பது மறந்து, பழத்தின் மேல் மவுஸை வைத்து வழக்கம்போல ஒரு இழுப்பு இழுத்தாள். வட்டம் வரவில்லை. ஓரத்தில் நின்ற வெள்ளைக் கட்டம் மங்குஸ்தான் நிறமாக மாறியது. என்ன இது. இன்னொரு தரம் பார்த்தாள். ஊதாவும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல், பழுத்த மங்குஸ்தானின் தோலை வெயிலில் பிடித்தால் தெரியுமே அந்த நிறம், அப்படியே, ஒரு பொட்டு கூடக் குறையாமல். கடையில் இந்த நிறத்துக்காக எவ்வளவு மல்லாடியிருக்கிறாள், போன சீசனில் பழக்கடைக்காரர் ஒருவருக்கு பிளெக்ஸ் போட்டபோது நாலு மையையும் கூட்டிக் குறைத்து மத்தியானம் பூராவும் போராடி, கடைசியில் வந்தது கத்திரிக்காய். கடைக்காரரும் "கத்திரிக்கா நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எடுத்துப் போனார். இங்கே எஃப் செவன் என்பது நிறத்தை உறிஞ்சுகிற குழாய். தப்பாகப் போன விரல் நிறத்தோடு திரும்பி வந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, வீட்டில் யாருமில்லை என்பதால் சத்தமாகவே சிரித்தாள். அப்புறம்தான் பொறி தட்டியது, இந்த விரலை ஏன் பிடித்துப் பிடித்துக் கட்டிப்போடுகிறோம், போகட்டுமே, எங்கெங்கே போகிறதோ போகட்டும், போய் என்ன கொண்டுவருகிறது பார்ப்போம். எதையாவது நடுவில் உட்கார வைக்க வேண்டுமென்றால் கடையில் சி, ஈ என்று அடுத்தடுத்துத் தட்டுவாள், கண்ணை மூடிக்கொண்டு தட்டுவாள். தட்டினாள். சி-க்குத் தூரிகை வந்தது, அழுத்தி இழுத்தால் பட்டையாக, விட்டு இழுத்தால் மெலிசாக, காம்பு போட இதைவிட வேறென்ன வேண்டும். ஈ-க்கு வந்தது வட்டம்.

வட்டம்! காலையிலிருந்து இவளை நாயாக அலையவிட்ட வட்டம், ஈ-யில் ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறது. இழுத்தாள், வந்தது, இன்னொன்று இழுத்தாள், அதுவும் வந்தது, பக்கம் முழுக்க வட்டம் வட்டமாக இழுத்துத் தள்ளினாள், சின்னப்பிள்ளை மாதிரி. எழுத்துக்கு எஃப் எய்ட் அடித்தால் இங்கேயும் எழுத்தே வந்தது, அது ஒன்று மட்டும் பழைய ஊரிலிருந்து கூடவே வந்த சொந்தக்காரி. பிறகு அவள் நேரத்தைப் பார்க்கவில்லை. மங்குஸ்தான் நிறத்தில் பெரிய வட்டம், தலையில் நாலு பச்சை இதழ், தூரிகையால் காம்பு, பக்கத்தில் பாதியாக உடைத்த பழம், அதற்குள் வெள்ளைச் சுளைகள். சுளை வரையும்போது வாயில் அந்தப் புளிப்பும் இனிப்பும் ஊறியது, அப்படி ஊறினால் படம் சரியாக வருகிறது என்று அர்த்தம், கண்ணீர் அஞ்சலி போடும்போது நெஞ்சை அடைக்குமே அதைப்போல. மேலே ஷகிலாவின் கடைப் பேரை, 'சாரல் பழக்கடை' என்று எழுதினாள், கொம்பும் காலும் புள்ளியும் அதனதன் இடத்தில் உடையாமல் நின்றன. பெரிசாக்கினாள், ஓரம் நூல் பிடித்த மாதிரி நின்றது. கட்டைவிரல் நகமளவுக்குச் சின்னதாக்கினாள், அப்போதும் அது மங்குஸ்தான்தான். "கனமா இருந்தா பக்கம் தொறக்காதுக்கா" என்று ஷகிலா சொல்லியிருந்ததால் ஃபைலின் எடையைப் பார்த்தாள், பிளெக்ஸுக்குப் போகிற படங்களின் பக்கத்தில் வைத்தால் இது தூசு. அனுப்பினாள். அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள், இது நான் போட்டது, யார் மெஷினிலும் இல்லை, என்னுடையதில், என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள், சொல்லச் சொல்ல நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் ஓரம் கண்ணில் பட்டது.

நாலு பக்கமும் வெறும் நிறம். எழுத்தும் பழமும் நடுவில் கூடி உட்கார்ந்திருக்க, இடமும் வலமும் மேலும் கீழும் ஒன்றுமே இல்லாத ஒரு பட்டை. ஆணிக்கு இடம் விட்டிருக்கிறாள். பிளெக்ஸ் என்றால் மரச்சட்டத்தில் மடித்து ஆணி அடிப்பார்கள், அதனால் ஓரத்தில் எதையும் வைக்கக்கூடாது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது தெரியாமல் ஒரு மாப்பிள்ளையை ஓரத்தில் ஒட்ட வைத்துவிட்டாள், சட்டம் கட்டுகிறவர் மாப்பிள்ளையின் நெற்றிப்பொட்டில் ஆணி இறக்கிவிட்டார், முகூர்த்தத்தன்றைக்குக் காலையில் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்து நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து அவள் கை ஓரத்துக்குப் போனதில்லை. ஆனால் போன் கண்ணாடிக்கு எவன் ஆணி அடிக்கப் போகிறான்? விரலைத் திருத்தியாயிற்று, கண்ணைத் திருத்தவில்லையே, கண்ணும் அண்ணாச்சி கடையிலேயே படித்த கண்ணல்லவா. ஷகிலா இப்போது பார்த்திருப்பாள், என்னக்கா இவ்வளவு இடம் வீணாக் கெடக்கு என்பாள், இல்லை சொல்லக்கூட மாட்டாள், நல்ல பிள்ளை, நல்லாருக்குக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த தரம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள். திருத்தி அனுப்பலாமா, ஒன்றை அனுப்பிவிட்டு உடனே இன்னொன்று அனுப்பினால் தடுமாறுகிற கை என்று தெரிந்துவிடாதா. போன் அடித்தது. அண்ணாச்சி. எடுக்கவில்லை, இன்னும் விளக்கு வைக்கும் நேரம் ஆகவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று சாஃப்ட்வேரின் உள் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டே போனாள், பட்டன்களுக்கென்றே ஒரு அறை, அதில் ஒரு வரிசை, மற்ற சாஃப்ட்வேர்களில் பழகி வந்தவர்களுக்காக அந்தந்தப் பழைய பட்டன்களையே இங்கே வைத்துக்கொள்ளும் வசதி. கடையில் ஓடியதன் பேரும் அந்த வரிசையில் இருந்தது. ஒரே ஒரு அமுக்கு, எஃப் செவன் மறுபடியும் வட்டமாகிவிடும். காலையில் இது கண்ணில் பட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். இப்போது அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். வேண்டாம். ஈ-யில் வட்டம் இருக்கிறது, எஃப் செவனில் நிறம் இருக்கிறது, இரண்டையும் தேடிக் கண்டுபிடித்தாயிற்று. மூடிவிட்டாள்.

மறுபடியும் போன். இந்தத் தடவை ஷகிலா. எடுத்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"என்னம்மா?"

"போன்ல பாத்தா நம்ம கடைப்பக்கம் படத்தோட ரெண்டு ஓரத்தையும் வெட்டுதுக்கா. மொதல்ல எந் தம்பி ஒரு படம் போட்டான்லா, அதுல 'சாரல்'ல பாதி போயிரும், கடை பேரு 'ரல் பழக்கடை'ன்னு நிக்கும். வாங்குத ஆளு பூரா போன்லதான பாக்காங்க. பேர எறக்கிப் பாத்தேன், பழத்த நகத்திப் பாத்தேன், ஒண்ணும் சரிப்படல. ஒங்க படம் எந்தப் போன்ல போட்டாலும் எழுத்து தப்பிச்சிருதுக்கா! எங்க வாப்பா போன்ல, உம்மா போன்ல, ஒடஞ்ச போன்லகூடப் போட்டுப் பாத்துட்டேன்."

வெட்டுகிறதாம். அங்கேயும் ஓரத்தை வெட்டுகிறார்களாம். அங்கேயும் ஆணி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஆணி, அதற்கு இடம் விட இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மாப்பிள்ளை எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும், பிள்ளைகுட்டிகளோடு நூறு வயசு இருக்கட்டும்.

"ஆணிக்கு எடம் விட்டேன்மா" என்றாள்.

"என்ன ஆணி?"

"நேர்ல வரும்போது சொல்லுதேன். அது பெரிய கத."

"அக்கா, ரம்புத்தானும் எறங்கப் போவுது, அதுக்கும் இதே மாரி ஒண்ணு வேணும். பொறவு துரியன். எங்க உம்மாவோட தங்கச்சி, சாச்சி ஒருத்தவங்க புதுசா கேக் கடை போடுதாங்க, அவங்கட்டயும் ஒங்க நம்பரக் கொடுத்துட்டேன், கோவிச்சுக்கிடாதீங்க."

கோவித்துக்கொள்வதா. போனை வைத்துவிட்டு எழுந்து போய், காய்ந்த தட்டைக் கழுவி, முகத்தையும் கழுவி, விளக்கை ஏற்றினாள். திரி நன்றாகப் பிடித்தது. தீப்பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அண்ணாச்சி. அவர் சொன்ன நேரம்தான், நேரத்தில் அவர் தப்பவே மாட்டார். வடிவு எடுத்தாள்.

"ஏ வடிவு, என்ன தாயி முடிவு பண்ணிருக்க?"

"வேலைக்கு வரலை அண்ணாச்சி."

அந்தப் பக்கம் பிரிண்டர் ஓடுகிற சத்தம்கூட இல்லை. கோயில் கொடை சீசனில் அந்தக் கடையில் பிரிண்டர் சத்தம் இல்லாமல் இருக்காதே என்று அவள் காது கவனித்தது. அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "சரி, வேலைக்கு வர வேண்டாம். ஒரு நட வந்துட்டாவது போயேன். நேத்துல இருந்து சாஃப்ட்வேரு தொறக்க மாட்டேங்கு. நெட்டப் புடுங்கிப் பாத்தாச்சு, தேதியத் தள்ளிப் பாத்தாச்சு, என்னமோ எழுதிக் காட்டுது, ஒரேயடியா மூடிட்டான் போல. கோயில் கொடை ஆர்டர் பூரா அப்படியே நிக்கு. நீ தொட்டா அது எந்திரிக்கும்."

அதுதானா சங்கதி. காலையில் இவ்வளவு கௌரவமாகக் கூப்பிட்டாரே என்று நினைத்தாள். கோபம் வரும் என்று காத்துப் பார்த்தாள், வரவில்லை, மனசு நிறைந்து கிடக்கும்போது கோபத்துக்கு உட்கார இடமில்லை. வடையும் டீயும் வாங்கிக் கொடுத்த மனுஷன், இப்போது பூட்டிய மெஷினுக்கு முன்னால் நிற்கிறார்.

"அத இனிமே எழுப்ப வேண்டாம் அண்ணாச்சி. நான் இப்பம் வேற ஒண்ணுல போடுதேன், திருட்டு இல்ல, சும்மாவே தாராங்க. கடைக்கும் அதையே ஏத்தித் தாரேன். பிரிண்டுக்குப் போறதுக்கு முன்னால கலர மட்டும் ஒருதரம் சரி பாத்துக்கிடணும், அதையும் சொல்லித் தாரேன்."

"சும்மாவா? அதுல ஒனக்கு வட்டம் வருதா?"

"வருது அண்ணாச்சி. நல்லா வருது."

அண்ணாச்சி குரலை இறக்கிக்கொண்டு, அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதேயில்லை, கேட்டார், "எனக்கு இந்த வயசுல புதுப் பட்டன்லாம் படியுமா தாயி?"

"நீங்க படிக்க வேண்டாம். ஒங்க பழைய பட்டன அப்படியே வச்சுத் தாரதுக்கு உள்ளேயே வழி இருக்கு. எஃப் செவன் அடிச்சா ஒங்களுக்கு வட்டமே வரும்."

"அப்பம் காலையில வாரியா?"

"காலையில முடியாது அண்ணாச்சி," என்றாள் வடிவு, "காலையில எனக்கு வேலை கெடக்கு. மத்தியானத்துக்கு மேல வாரேன்."

போனை வைத்தாள். வெளியே சாரல் விட்டிருந்தது, இல்லை, விழுந்துகொண்டுதான் இருந்தது. மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, ரம்புத்தானுக்கு ஒரு புதுப் பக்கம் திறந்தாள். நாலு பக்கமும் ஆணிக்கு இடம் விட்டாள். ஈ-யைத் தட்டி இழுத்தாள், வட்டம் வந்தது.